கைதட்டிய கையும் கண்ணீர் துடைத்த கையும்

தோழரே!

"படம் எப்படி?" என்று கேட்கிறார்கள். "நன்றாயிருக்கிறது" என்கிறோம், அல்லது, "சுமார்தான்" என்கிறோம். கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பளித்து விடுகிறோம். மூன்று மணி நேரம் நம் உள்ளத்திலே ஒருவன் ஏர் பூட்டி உழுது, விதை தூவி, நீரும் பாய்ச்சிவிட்டுப் போயிருக்கிறான்; என்ன விதைத்தான் என்று குனிந்து பார்க்க மட்டும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை!

கால்வலி காரணமாக மூன்று வாரம் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்றார் மருத்துவர். கூட்டமில்லை, பயணமில்லை. என் பேரன், பதினான்கு வயதுப் பையன், எனக்குப் படம் காட்டும் பொறுப்பை ஏற்றுக் கொண்டான். ஏழு படங்கள் பார்த்தேன். பழையனவும் புதியனவும் கலந்த கதம்பம் அது. 1974-இல் வந்த 'தங்கப் பதக்கம்', 2003-இல் வந்த 'காக்க காக்க', 2010-இல் வந்த 'சிங்கம்', 2016-இல் திரைக்கு வந்த 'விசாரணை', 2021-இன் 'ஜெய் பீம்', 2022-இன் 'டாணாக்காரன்', 2024-இன் 'வேட்டையன்'. ஏழிலும் காக்கிச் சட்டை உண்டு என்பதை நான் முதலில் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு படமும் முடிந்ததும் பையன் கேட்பான், "எப்படித் தாத்தா?" என்று. நானும் எல்லோரையும் போலத்தான் சொன்னேன். தங்கப் பதக்கமா? நடிப்பென்றால் அதுவன்றோ நடிப்பு! காக்க காக்க? விறுவிறுப்பு. சிங்கம்? கொட்டாவி விடக்கூட இடைவெளி இல்லை. விசாரணை? அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஜெய் பீம்? கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக் கொண்டேன். டாணாக்காரன்? அறியாத செய்தி அறிந்தேன். வேட்டையன்? முற்பாதி ஒரு படம், பிற்பாதி மற்றொரு படம். மொத்தத்தில், ஏழும் நல்ல படங்களே!

அப்போது பையன் கேட்டான்: "தாத்தா! சிங்கத்தில் போலீஸ்காரர் அடித்தபோது சிரித்தீர்கள். ஜெய் பீமில் போலீஸ்காரர் அடித்தபோது அழுதீர்கள். இரண்டும் அடிதானே?"

தோழரே, நாற்பதாண்டுக் காலம் மேடையேறியவன் நான். குறுக்குக் கேள்வி கேட்டோர் பலருக்கு விடை சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனுக்கு விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த ஞாயிறன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். நடிகர் மீது எனக்குக் குறையில்லை. காக்க காக்கவில் துப்பாக்கி ஏந்தியவரும், சிங்கத்தில் கை ஓங்கியவரும், ஜெய் பீமில் கறுப்பு அங்கி அணிந்து கொட்டடிக் கொலையை நீதிமன்றத்தில் அம்பலப்படுத்தியவரும் ஒரே சூர்யாதான். கிடைத்த வேடத்தைத் திறம்பட ஏற்பது நடிகரின் தொழில். மூன்று வேடங்களுக்கும் மூன்று நியாயங்கள் உண்டு. நமக்கு? நாம் வேடம் போடவில்லையே! நாம் நாமாகத்தானே அமர்ந்திருந்தோம்? சுடும்போது கைதட்டியதும் இதே கை. செங்கேணியின் துயரம் கண்டு கண்ணீர் துடைத்ததும் இதே கை. இதில் எந்தக் கை நம் கொள்கையின் கை?

பழைய படத்திலிருந்து தொடங்குவோம். தங்கப் பதக்கத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற அதிகாரி எதனால் உயர்ந்து நிற்கிறார்? சட்டம் தன் வீட்டு வாசற்படியையும் தாண்டி உள்ளே வரட்டும் என்று கதவைத் திறந்து விடுகிறாரே, அதனால். பெற்ற மகனென்றும் பாராமல் கடமையின் பக்கம் நிற்கிறார். அந்தப் படத்தின் முடிவு எனக்கு உடன்பாடன்று. சுடுவதே தீர்வு என்ற எண்ணத்தின் வித்து அங்கேயே இருக்கிறது. ஆயினும், சட்டம் பெரிது, நான் சிறியவன் என்று தலைவணங்கும் காவலன் அவன். முப்பதாண்டு கழித்து வந்த காவலனைப் பாருங்கள்! சட்டம் அவனுக்குக் காலில் கட்டிய விலங்கு. நீதிமன்றம் வீண் தாமதம். வழக்கறிஞர் குற்றவாளியின் கைக்கூலி. மனித உரிமை பேசுவோர், வேலை செய்ய விடாமல் குறுக்கே வந்து நிற்கும் தொல்லை. இத்தனை தளைகளையும் அறுத்துக் கொண்டு அவன் சுடும்போது, நமக்கு ஏதோ விடுதலை கிடைத்தது போல மனம் துள்ளுகிறது. எவரிடமிருந்து எவருக்கு விடுதலை, தோழரே? அவன் அறுத்தெறிந்த அந்தத் தளைகள்தாம் உங்களையும் என்னையும் காக்கும் வேலி!

வேலி என்பதற்கு வரலாறு உண்டு. வெள்ளையன் ஆண்ட காலத்தில், நிலவரி கட்ட இயலாத ஏழைக் குடியானவனை வாட்டி வதைத்தார்கள். கிட்டி என்றொரு கருவி. கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்றொரு கொடுமை. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. கூக்குரல் கடல் கடந்து ஒலிக்கவே, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, 1855-இல் அது அறிக்கை தந்தது. வரி வாங்கவும், வாக்குமூலம் வாங்கவும் சித்திரவதை வழக்கமாகவே நடைபெறுகிறது என்பதை அந்த அறிக்கை மறைக்க முடியவில்லை. பின்னர் 1872-இல் சாட்சியச் சட்டம் வந்தபோது, போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 25-ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். அந்நிய ஆட்சியே தன் போலீசை அவ்வளவுதான் நம்பியது! 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி 23-ஆம் பிரிவாக நீடிக்கிறது.

சட்டம் நம்ப மறுக்கும் அந்த வாக்குமூலத்தை, கொட்டகையில் அமர்ந்து நாம் நம்புகிறோம். நாற்காலியில் கட்டிப் போட்டு நான்கு அடி அடிக்கிறான், அவன் உண்மையைக் கக்குகிறான், கதை முன்னேறுகிறது. அடித்தால் உண்மை வரும் என்ற பாடத்தை எத்தனை நூறு படங்கள் நமக்குக் கற்பித்தன! அடித்தால் வருவது உண்மையன்று, அடிப்பவன் கேட்க விரும்பும் சொல் என்பதைக் காட்ட ஒரு விசாரணை வர வேண்டியிருந்தது. வெற்றிமாறன் எடுத்த அந்தப் படத்திற்கு மூலம், கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' என்னும் நூல். பிழைப்புத் தேடி ஆந்திரத்துக் குண்டூருக்குச் சென்றவர், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லித் தாம் பட்ட அடியை எழுதினார். அந்தப் படத்தில் அடிபடுகிறவர்களுக்குப் பூங்காவே வீடு, கேட்பாரில்லை, அதுவே அவர்கள் செய்த குற்றம். திருட்டு வழக்கை முடிக்க வேண்டும், கையில் ஆள் அகப்பட்டிருக்கிறான். அவ்வளவுதான் விசாரணை!

இப்போது வேட்டையனுக்கு வருகிறேன். ஜெய் பீமை இயக்கிய த.செ. ஞானவேல்தான் இதையும் இயக்கினார். ஆசிரியை ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்படுகிறாள். ஊர் கொதிக்கிறது. குடிசைப் பகுதியைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் மீது பழி விழுகிறது. ரஜினிகாந்த் ஏற்ற அதிகாரி அவனைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு தெரிகிறது, அவன் குற்றமற்றவன் என்று. சுட்ட குண்டைத் திரும்ப அழைக்க முடியுமா? நல்ல கேள்வி, நாட்டுக்குத் தேவையான கேள்வி. அதைப் பெருங்கூட்டம் பார்க்கும் படத்தில் கேட்ட துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால், அந்தக் கேள்விக்கு வந்து சேருமுன், துப்பாக்கி ஏந்திய நாயகனுக்கு முழங்க வேண்டிய முழக்கங்கள் அனைத்தும் முழங்கித் தீர்ந்து விடுகின்றன. விருந்து முழுவதையும் உண்ண வைத்துவிட்டு, இலையை மடிக்கும்போது, "இது உடம்புக்கு ஆகாது" என்றால், நாவில் நிற்பது அறிவுரையா, விருந்தின் சுவையா?

"கற்பனைக் கதையைப் பிடித்துக் கொண்டு வாதாடுகிறீரே!" என்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் சிதைத்துக் கொல்லப்பட்டார். நெஞ்சு பதைக்கும் கொடுமை. பிடிபட்ட நால்வரை டிசம்பர் 6-ஆம் நாள் விடியற்காலையில் போலீசார் சுட்டுக் கொன்றனர். தங்கள் துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றார்கள். மக்கள் அந்தப் போலீசார் மீது மலர் தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமர்த்திய சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியாயிற்று. போலீசார் சொன்ன கதை நம்பத் தக்கதன்று. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டிருக்கிறார்கள் என்றது அது. அந்த நால்வரும் குற்றவாளிகளாகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் நீதிமன்றம். இனி எந்த நீதிமன்றமும் அதைச் சொல்ல இயலாது. அந்தப் பெண்ணுக்கும் நீதி கிடைக்கவில்லை. அவள் வழக்கு விடியற்காலை இருட்டிலேயே முடிந்து போயிற்று.

அன்று மலர் தூவிய கைகள் எங்கே பழகிய கைகள்? கொட்டகையில் காகிதத்தைக் கிழித்துத் தூவிப் பழகிய கைகள் அல்லவா? நம் தோழர்களிலும் சிலர் அன்று தேநீர்க் கடையில் அமர்ந்து, "சரியான வேலை!" என்று சொன்னதை என் காதாரக் கேட்டேன். மறுத்துப் பேசாமல் எழுந்து வந்தேன். அந்த மௌனத்திற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

மோதல் சாவுகள் குறித்து 2014-இல் உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிமுறைகளை வகுத்தது. தனி விசாரணை வேண்டும் என்றது. மோதல் நடந்த உடனேயே அதில் ஈடுபட்டவர்களுக்குப் பதவி உயர்வோ வீர விருதோ வழங்கக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் தர வேண்டாம் என்று தடுத்த பதக்கத்தை, வெள்ளிக்கிழமைதோறும் கொட்டகையில் நாம் தந்து கொண்டிருக்கிறோம்!

ஜெய் பீம் நம் மனத்துக்கு உகந்த படம். 1993-இல் நடந்த உண்மை வழக்கைத் தழுவியது. அதில் வாதாடிய வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசரானவர். இருளர் பெண் செங்கேணி, பணம் தருகிறோம், வழக்கை விட்டுவிடு என்ற பேச்சை உதறிவிட்டு நடக்கும் காட்சியில் என் முதுகெலும்பு நிமிர்ந்தது. ஆனால் அந்தப் படத்திலும் ஓரிடம் உண்டு. விசாரணையின்போது ஒருவன் இந்தியில் பேசுகிறான்; பிரகாஷ் ராஜ் ஏற்ற போலீஸ் அதிகாரி அவன் கன்னத்தில் அறைந்து, தமிழில் பேசச் சொல்கிறார். அந்த அறை விழுந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்! போலீஸ் அடி கூடாது என்று சொல்ல வந்த படத்தில், போலீஸ் அடிக்குச் சிரித்தேன். நம் மொழியின் பெயரால் விழுந்த அடி என்பதால் இனித்தது. பேரன் கண்ட குற்றம் சிங்கத்தோடு நிற்கவில்லை, தோழரே. எனக்கு மிகவும் பிடித்த படத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. நமக்கு வேண்டாதவன் மீது விழும் அடியை ரசிப்பவன், அடியை எதிர்ப்பவன் ஆகமாட்டான். அடிபடுபவன் யார் என்று பார்த்துப் பேசுபவன் அவன்.

"நீதிமன்றம் இருபதாண்டு இழுத்தடிக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பவருக்கும் விடை உண்டு. தாமதம் உண்மைதான். 1992 ஜூன் 20-ஆம் நாள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் புகுந்து, பழங்குடிப் பெண்களைச் சீரழித்து, வீடுகளைச் சூறையாடினர். 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டு என்பது கொடிய தாமதம். ஆனால் தாமதப்பட்டும் அந்தப் பெண்கள் நாடியது நீதிமன்றத்தைத்தான்; கூண்டில் நின்றது காக்கிச் சட்டைதான். துப்பாக்கியே நீதி வழங்கட்டும் என்று விட்டிருந்தால் வாச்சாத்திக்கு என்ன கிடைத்திருக்கும்? தாமதம் நோய் என்றால், நீதிபதிகளைக் கூட்டு, நீதிமன்றங்களைப் பெருக்கு என்று போராடுவோம். மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்பதற்காக நோயாளியைக் கொல்லச் சொல்வோர் உண்டோ?

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் காவல் நிலையத்திற்குக் கொண்டு போனார்கள். சில நாட்களுக்குள் இருவரும் பிணமானார்கள். 2025 ஜூனில் திருப்புவனம். நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் கோவில் காவலாளியான இளைஞனைக் கொண்டு போனார்கள். அவனும் பிணமானான், உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். ஐந்தாண்டு இடைவெளியில் கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, தடி மாறவில்லை. இதை எந்தக் கட்சிக்காரன் படித்தாலும் உறுத்தட்டும். நம் கட்சிக்காரனுக்கும் உறுத்தட்டும்.

சாத்தான்குளத்திற்குப் பிறகு, சிங்கம் படத்தை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். எடுத்தவர் வேதனைப்பட்டார், தோழரே; பார்த்த நாம் எப்போது வேதனைப்படப் போகிறோம்?

அதே சாத்தான்குளத்தில்தான், தலைமைக் காவலராகப் பணியாற்றிய பெண்மணி ஒருவர், விடிய விடிய நடந்ததை நீதித்துறை நடுவர் முன் எடுத்துரைத்தார். உடன் பணிபுரிந்தோரும் மேலதிகாரிகளும் சூழ்ந்திருக்க, அதே காக்கிச் சட்டையோடு உண்மை சொன்னார். பறந்து அடிக்கவில்லை, சுடவில்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். காவல்துறையில் வீரம் என்ன என்று கேட்பவருக்கு நான் காட்டும் வீரம் அதுதான்.

காவலர் மீது நமக்குப் பகையில்லை. டாணாக்காரனைப் பாருங்கள்: பயிற்சிக் களத்திலேயே இளைஞனை எப்படி அவமதித்து, வதைத்து, அவன் கேள்வி கேட்கும் பழக்கத்தை முறிக்கிறார்கள் என்று அந்தப் படம் காட்டுகிறது. தானே அடிபட்டு, பேசாமலிருக்கப் பழகியவன் கையில் தடியைக் கொடுத்து ஊருக்குள் அனுப்பினால், அவன் எதைச் செய்வான்? அவனும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைதான். அவனையும் சேர்த்தே மீட்க வேண்டும்.

படமே பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாருங்கள். பார்த்துவிட்டு, "நன்றாயிருக்கிறது" என்று சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடித்தவன் யார்? அடிபட்டவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான்? அந்த நேரம் நான் யார் பக்கம் நின்றேன்? நம் படிப்பகங்களில் மாதம் ஒரு நாள் ஒரு படத்தை எடுத்து இப்படி அலசுங்கள்.

அத்தோடு நில்லாமல், டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளைப் படிப்பகச் சுவரில் எழுதி வையுங்கள். கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் சாட்சியின் கையெழுத்து வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். காவலில் உள்ளவரை நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆம் விதி. உங்கள் தெருவில் ஒருவனை அழைத்துப் போனால், அவன் யாராயிருந்தாலும், எந்தக் கட்சியாயிருந்தாலும், குற்றம் செய்தவனே ஆனாலும், இருவர் துணையோடு காவல் நிலைய வாசலில் போய் நில்லுங்கள். "எங்கள் ஊர்ப் பிள்ளை உள்ளே இருக்கிறான், குறிப்பைக் காட்டுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே ஓங்கிய தடி தயங்கும்.

நேற்றிரவு என் பேரனிடம் சொன்னேன்: "இரண்டும் அடிதான். நான் சிரித்தது தவறு." அவன் வியப்போடு பார்த்தான். பிறகு அடுத்த படத்தைத் தேடத் தொடங்கினான். தேடட்டும். இனி நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்போம்; கைதட்டுமுன் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வோம். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படிச் செய்யுங்கள், தோழரே!